ஒன்பது நாள் யோசித்த நிழல்

கோமதிநாயகத்தின் நிழல் ஒன்பது நாளாகத் தீர்ப்புச் சொல்ல மறுத்து உட்கார்ந்திருக்கிறது என்று அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. படித்ததும் மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. எழுபத்தொரு வயது, இரண்டு முழங்காலிலும் உலோகம். ஆனாலும் வாசலிலிருந்து சமையலறைக்கு ஒரே தாவலில் வந்து சேர்ந்தார்.

"ஏளா ஆவுடை! என் நெழலு ஜூரில உக்காந்திருக்காம்ளா!"

ஆவுடையம்மாள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உக்காரட்டும். நீங்க மொதல்ல செருப்பக் கழட்டுங்க."

இது நடந்தது 2043இல், அமெரிக்காவின் நட்டநடுவில், சோளத்தைத் தவிர வேறெதுவும் முளைக்காத ஒரு மாநிலத்தில். மாநிலத்தின் பெயர் வேண்டாம். வழக்குப் போடுவதில் அந்த ஊர்க்காரர்களை மிஞ்ச பூமியில் ஆளில்லை. போட்ட வழக்கை விசாரிக்க ஜூரியாக உட்காரச் சொன்னால் மட்டும் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் முதுகுவலி வந்துவிடும். ஒருவர் ஜூரிக் கடமையிலிருந்து தப்பிக்க ஒரே வருடத்தில் தன் மாமியாரை நான்கு முறை அடக்கம் செய்தார். ஐந்தாவது முறை அழைப்பு வந்தபோது மாமியாரே நேரில் வந்து மன்னிப்புக் கேட்டாராம்.

பொறுத்துப் பார்த்த சட்டசபை நிழல் ஜூரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விஷயம் எளிது. ஒரு குடிமகன் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கடையில் என்ன வாங்கினார், எதைத் தேடினார், எந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தினார், வீட்டில் பேசும் பெட்டியிடம் யாரைத் திட்டினார் என்று அத்தனையையும் திரட்டி, கவுண்டி என்கிற மாவட்டத்தின் கோர்ட்டுக் கம்ப்யூட்டரில் அவருக்கு ஒரு நிழலைச் செய்து வைத்துவிடுவார்கள். வழக்கு வந்தால் பன்னிரண்டு நிழல்கள் கூடும், சாட்சியம் கேட்கும், தங்களுக்குள் வாதாடும், ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லும். எல்லாம் பதினோரு வினாடி. அசல் மனிதர் அந்த நேரத்தில் வீட்டில் நகம் வெட்டிக்கொண்டிருக்கலாம். மூன்று வருடத்தில் நாற்பதாயிரம் தீர்ப்புகள். நீதிபதிகளுக்குக் கையெழுத்துப் போட்டுப் போட்டுச் சுண்டுவிரல் வீங்கிப்போனது.

"படிங்க, என்னதான் எழுதிருக்கான்?" என்றாள் ஆவுடை.

கோமதிநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வெண்டல் பிரைஸ் என்று ஒருவர். தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். வேலையைவிட்டு நிறுத்திய பத்தாம் நாள் அந்தக் கிடங்கில் சோளம் கொட்டி வைக்கும் கோபுரத்துக்குத் தீ வைத்தார் என்று வழக்கு. பதினோரு நிழல்கள் குற்றவாளி என்றுவிட்டன. ஏழாம் எண் ஜூரரின் நிழல், அதாவது கோமதிநாயகத்தின் நிழல், ஒன்பது நாளாகப் பிடிகொடுக்கவில்லை. இயந்திரக் கோளாறாக இருக்கலாம். ஆகவே ஜூரர் வருகிற வியாழக்கிழமை வந்து, 'என் நிழல் பழுதானது' என்று திருத்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பழுதான நிழலை அழித்துவிட்டு வேறொருவரின் நிழலை உட்கார வைத்துக்கொள்வார்கள்.

"பழுதா! முப்பத்துநாலு வருஷம் ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்தவன் நானு. மனுசன் மூஞ்சியப் பாத்தே டிக்கெட் இருக்கா இல்லையான்னு சொல்லிருவேன். என் நெழலு யோசிக்குதுன்னா அதுல விசயம் இருக்குளா!"

"அவருக்கு எத்தன வருசம் குடுப்பாகளாம்?"

"யாருக்கு?"

"அந்தப் பிரைசுக்கு."

கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. பதினோரு வருடம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, தோளில் கனமான பை, காலில் ஓட்டப்பந்தயக் காலணி. தன் பெயர் தர்மினி, வெண்டல் பிரைசுக்கு அரசு கொடுத்திருக்கும் வக்கீல் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தவள், சுவரில் தொங்கிய சங்கரன்கோவில் காலண்டரைப் பார்த்ததும் தமிழுக்குத் தாவினாள். பெற்றோர் யாழ்ப்பாணம், அவள் பிறந்தது இந்தச் சோளக்காட்டில்.

"அங்கிள், முதல்லயே சொல்லிப்போடுறன். நான் உங்கட லோயர் இல்லை, வெண்டலின்ட லோயர். உங்களுக்கு நல்லது சொல்ல வந்திருக்கிறன் எண்டு நினைச்சுப்போடாதேங்கோ."

"இப்படி நேரடியாச் சொல்லுத வக்கீல இன்னைக்குத்தாம்மா பாக்குதேன். உக்காரு."

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "உங்கட நிழல் ஒன்பது நாளா ஒரே ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப எழுதுது. அரசாங்கத்து எஞ்சினியர்மார் அது ஏதோ பிழைக்குறியீடு எண்டு நினைச்சிட்டினம். எனக்குக் காட்டினவை. பாத்தா தமிழ்!"

தாளில் இருந்தது: 'அதுக்கு முந்தி மழ பெஞ்சுதா?'

"நிழலுக்குக் கேள்வி கேக்கிற வசதியே இல்லை, அங்கிள். தீர்ப்பு மட்டும்தான் சொல்லலாம். இது கேட்டுப்போட்டுப் பதில் வருமெண்டு காத்துக்கொண்டிருக்கு."

கோமதிநாயகம் நாற்காலியில் இரண்டு அங்குலம் உயர்ந்தார். "அனுபவம்மா. அனுபவம் கேக்குது."

காப்பித் தட்டோடு வந்த ஆவுடை நின்றபடியே கேட்டாள்: "பெஞ்சுதா?"

தர்மினி அவளை நிமிர்ந்து பார்த்தாள். தாளில் இருந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். "ஓம், அன்ரி. எட்டு நாள் விடாமல். நான் நேற்றுத்தான் தேடிப் பாத்தன்."

"சோளத்த ஈரத்தோட அடச்சிருப்பான். உள்ள கொதிச்சுருக்கும்" என்றாள் ஆவுடை. "எங்கப்பா அடுக்கி வச்ச வைக்கப்படப்பு அப்படித்தான் எரிஞ்சுது. தீ வச்சவன்னு ஒரு கூலியாள ஊரவிட்டே வெரட்டிட்டாக. ரெண்டு வருசம் கழிச்சு அடுத்த படப்பும் தானா எரிஞ்சப்பதான் தெரிஞ்சுது. அந்த ஆளத் தேடினாக, கெடைக்கல." சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"பொறவென்ன? மழ பெஞ்ச கதைய கோர்ட்டுல சொல்லிர வேண்டியதுதான?" என்றார் கோமதிநாயகம்.

"ஏலாது. சாட்சியத்தை ஒருக்கா மெஷினுக்குள்ள ஏத்தினாப் பிறகு திறக்கேலாது. சட்டம். அந்த ஜூரியே செல்லாது எண்டு நிரூபிச்சால்தான் புதுசாத் தொடங்கலாம். அதுக்குத்தான் வந்தனான்." அவள் இன்னொரு தாளை விரித்தாள். "இது உங்கட நிழலைச் செய்யிறதுக்கு எடுத்த விவரம். எனக்கு இது விளங்கேல்லை. ஏழாம் எண் ஜூரர், எழுபத்தொரு வயசு ஆம்பிளை. சவர பிளேடு வாங்கியிருக்கிறார், சரி. முழங்கால் தைலம், சரி. மசக்கைக்கு மாங்காய் ஊறுகாய்?"

"அது மருமக உத்தரா. பத்து வருசம் முன்னாடி."

"கொரியன் பாட்டு, நாளுக்கு நாலு மணித்தியாலம்?"

"பேத்தி. ஸ்கூலு போறா."

"வேலையை விட்டுப்போட்டு ஆடு வளர்க்கலாமா எண்டு நூற்றுப்பன்னிரண்டு தரம் தேடியிருக்கிறார்."

"அது மகன் தாணு" என்றவர், குரலைத் தணித்து, "அவன் ஆடு வளக்கணும்னா நெனைக்கான்?" என்றார்.

தர்மினியின் கையிலிருந்த தாள் நடுங்க ஆரம்பித்தது. சிரிப்பு. "அங்கிள், இந்த வீட்டில எத்தனை கணக்கு?"

"ஒண்ணுதாம்மா. எல்லாம் என் பேருலதான். போனு, கடை, கரண்டு, பேசுத பெட்டி, படம் பாக்குதது. ஒரே பாஸ்வேர்டு. எங்க அப்பா காலத்துலயும் கேஸ், ரேஷன், வீட்டுவரி எல்லாம் அவர் பேருலதான். குடும்பத்துக்கு ஒரு தலை போதாதா?"

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தெருக்கோடியில் ஒரு கார் பிரேக் போட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அங்கிள், நீங்கள் ஒரு ஆளில்லை. ஒரு கூட்டுக்குடும்பம் போய் ஒரு ஜூரிக் கதிரையில குந்தியிருக்கு!"

பிறகு முகம் மாறியது. "ஆனால் ஒரு ஆபத்து இருக்கு. அதையும் சொல்லத்தான் வேணும். நிழலுக்குச் சம்மதம் கேட்ட படிவத்தில 'இந்தக் கணக்கை நான் மட்டுமே பயன்படுத்துகிறேன்' எண்டு ஒரு கட்டம் இருந்தது. நீங்கள் சரி போட்டிருக்கிறியள். அது சத்தியம் செய்து சொன்னதுக்குச் சமம். கோர்ட்டில வந்து உண்மையைச் சொன்னால், பொய்ச்சத்தியம் எண்டு உங்கள் மேலேயே பாயலாம். நீங்கள் குடியுரிமை எடுத்து ரெண்டு வருசம்தான். அதையும் கிளறுவினம். கையெழுத்துப் போட்டால் உங்களுக்கு ஒண்டும் இல்லை. வெண்டலுக்குப் பதினோரு வருசம். நான் கெஞ்ச மாட்டன். முடிவு உங்கட."

அன்று மாலை தாணு வேலையிலிருந்து வந்ததும் வீடு இரண்டாகியது. "போட்டுருங்கப்பா" என்றான் தாணு. "யாரோ ஒரு ஆளு. நமக்கு அவரத் தெரியுமா? உங்கள ஊருக்கு ஏத்திவிட்டான்னா அம்மா என்ன செய்வா?"

"நீ மொதல்ல ஆட்டுக் கதைய சொல்லுல" என்றார் கோமதிநாயகம்.

உத்தரா மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பல விஷயங்கள் இருந்தன. அவற்றுக்கும் கோர்ட்டுக்கும் சம்பந்தமில்லை.

உண்மையைச் சொன்னால் கோமதிநாயகத்துக்குப் பயம்தான். குடியுரிமைப் பரீட்சைக்கு நூறு கேள்விகளை ஆறு மாதம் மனப்பாடம் செய்தவர் அவர். குளியலறையில், கோயிலில், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடியே அரசியலமைப்புத் திருத்தங்களை ஒப்பித்தவர். அந்தக் காகிதத்தை ஒரு கட்டத்தில் போட்ட சரிக்குறிக்காக இழப்பதா? பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார்.

"ஏங்க" என்றாள் ஆவுடை. "எங்கப்பா கடைசிவர அந்தக் கூலியாள் பேரச் சொல்லிக்கிட்டேதான் செத்தாரு. கையெழுத்துப் போடுததுன்னா போடுங்க. பொறவு வயசான காலத்துல வெண்டலு வெண்டலுன்னு என் காதுல ஓதப்படாது."

கோமதிநாயகம் பேனாவை மூடினார்.

ஜூரி செல்லாது என்று தர்மினி போட்ட மனு விசாரணைக்கு வந்தது. கவுண்டி கோர்ட்டின் விசாரணைக் கூடத்தை மூன்று வருடமாக யாரும் திறக்கவில்லை. பூட்டைத் திறக்க ஆள் தேடி, அந்த ஆள் சாவியைத் தேடி, கடைசியில் கதவின் கீலைக் கழற்றி உள்ளே போனார்கள். சாட்சிக் கூண்டின் மைக்கில் ஒரு சிலந்தி மூன்று தலைமுறையாகக் குடியிருந்தது. நீதிபதி ஹாரியட் மக்ளின், அறுபது வயது அம்மாள், தன் நாற்காலியைத் தானே துடைத்துவிட்டு உட்கார்ந்தார். குற்றவாளிக் கூண்டின் பக்கத்தில் வெண்டல் பிரைஸ் இருந்தார். ஆறடி மூன்றங்குலம், உடைந்து சேர்ந்த மூக்கு, நெற்றியில் தழும்பு. மூன்று வருடமாக இயந்திரமே தண்டனை கொடுத்த அந்தக் கட்டடத்தில் முதன்முதலாக மனிதர்கள் தன்னைப் பார்க்கிறார்கள் என்பதை நம்ப முடியாமல் அங்குமிங்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசு வக்கீல் ஆல்டன் கீச் மடிப்புக் கலையாத மனிதர். கோமதிநாயகத்தைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கியதும் நேரே பாய்ந்தார்.

"உங்கள் பெயரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள்?"

"சாதாரண நாளில் ஐந்து பேர், சார். திண்டுக்கல்லிலிருந்து மச்சினன் வந்தால் ஆறு." அது சுத்தமான ரயில்வே ஆங்கிலம், ஒவ்வொரு சொல்லும் நடைமேடையில் நின்று கிளம்பியது.

"அதாவது, சத்தியம் செய்து இந்த மாநிலத்தை ஏமாற்றினீர்கள்."

"சார், எங்கள் ஊரில் கேஸ் சிலிண்டர் ஒருத்தர் பெயரில்தான் வரும். அதற்காக ஒருத்தர் மட்டும் சாப்பிட முடியுமா? படிவத்தை நான் படிக்கவில்லை. அது என் தப்பு. அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் அந்தத் தப்பை மறைக்க, நிழல் பழுது என்று எழுதிக் கொடுத்து இன்னொருத்தனைப் பதினோரு வருடம் உள்ளே அனுப்ப மாட்டேன். ரயிலில் நான் ஒரு தப்பு அபராதம் போட்டிருந்தால் அடுத்த ஸ்டேஷனில் திருப்பிக் கொடுக்கலாம். பதினோரு வருடத்தை எந்த ஸ்டேஷனில் திருப்பிக் கொடுப்பீர்கள்?"

நீதிபதி மக்ளின் முன்னால் சாய்ந்தார். "மிஸ்டர் கீச், சட்டம் பன்னிரண்டு பேர் என்கிறது. ஏழாம் எண் நாற்காலியில் மட்டும் ஐந்து பேர். மற்ற பதினோரு நாற்காலியிலும் யார் யார் இருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?"

கீச்சின் சட்டையில் முதல் கசங்கல் விழுந்தது.

மூன்று நாளில் மற்ற பதினோரு ஜூரர்களையும் நேரில் வரச் சொன்னார்கள். வந்தவர்கள் சொன்னதைப் பார்த்தால், மூன்றாம் எண் ஜூரர் இறந்து இரண்டு வருடமாகிறது. மனசு வராமல் மனைவி கணக்கை மூடவில்லை. தினமும் அவர் பெயரில் அவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டுக் கேட்கிறாள். ஒன்பதாம் எண் ஜூரரின் கணக்கை முழுக்க முழுக்க அவருடைய மூன்று வயது மகன்தான் வைத்திருந்தான்; மண் அள்ளும் இயந்திரப் படங்களை நாளுக்கு எட்டு மணி நேரம் பார்ப்பவன். பதினோராம் எண் ஜூரர் வளர்த்த கிளி, வீட்டுப் பெட்டியிடம் பேசிப் பேசி நான்கு வருடமாகச் சூரியகாந்தி விதை வரவழைத்துக்கொண்டிருந்தது. ஒரு மனிதனைப் பதினோரு வருடம் சிறைக்கு அனுப்ப இருந்தவர்களில் ஒரு பிணமும், ஒரு குழந்தையும், ஒரு கிளியும் அடக்கம். கிளியை மட்டும் நேரில் அழைத்து வந்திருந்தார்கள். அது நீதிபதியைப் பார்த்து விதை கேட்டது.

கூடம் சிரித்து ஓய்ந்தபோது நீதிபதி கேட்டார்: "ஏழாம் எண் ஜூரரின் மனைவி வந்திருக்கிறாரா?"

ஆவுடை எழுந்து நின்றாள். தர்மினி மொழிபெயர்த்தாள்.

"நீங்களும் குடியுரிமை பெற்றவரா?"

"இவுகளுக்கு வாங்குன அன்னைக்கே எனக்கும் வாங்கியாச்சு."

"அப்படியானால் உங்களுக்கும் ஒரு நிழல் இருக்க வேண்டுமே?"

கோர்ட்டு எழுத்தர் கம்ப்யூட்டரில் தேடினார். மறுபடி தேடினார். 'போதிய விவரம் இல்லாத நபர்' என்று வந்தது. பத்து வருடமாக அவள் எதையும் தன் பெயரில் வாங்கவில்லை, தன் பெயரில் தேடவில்லை, தன் பெயரில் கேட்கவில்லை. அவளைப் போல மாநிலத்தில் எத்தனை பேர் என்று நீதிபதி கேட்டார். எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மூன்று லட்சத்துப் பதினேழாயிரம் பேர்.

"இந்த அம்மாளைப் பற்றி மாநிலத்திடம் ஒரு விவரமும் இல்லையா?"

தர்மினி இதைத் தமிழில் சொன்னதும் ஆவுடைக்கு முகம் சிவந்தது. "அப்ப இங்க நிக்கது யாருன்னு கேளு தாயி."

தர்மினி அதைச் சொல் மாறாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தக் கூடத்தில் மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு நீதிபதி பேனாவை எடுத்துக் கையெழுத்துக்காக இல்லாமல் எழுதுவதற்காகத் திறந்தார்.

அந்த ஜூரி செல்லாது என்று நீதிபதி மக்ளின் தீர்ப்பெழுதினார். அரசு மேல்முறையீடு செய்தது. வழக்கு மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஏழு நீதிபதிகள், ஏழு பேரும் ஒரே முடிவு. நாற்பத்தாறு பக்கத் தீர்ப்பில் ஒரு வரியை மாநிலமே மனப்பாடம் செய்தது: 'ஜூரர் என்பவர் வந்து உட்கார்ந்து, கேட்டு, விளங்காவிட்டால் கேள்வி கேட்கிற ஆள்.' நிழல்கள் அத்தனையையும் அழிக்க உத்தரவு. நாற்பதாயிரம் தீர்ப்புகளும் மறுவிசாரணைக்கு. கோமதிநாயகத்தின் சரிக்குறியைப் பற்றி ஒரே அடிக்குறிப்பு: அந்தக் கட்டத்தை உண்மையாக நிரப்பிய ஒரு குடும்பத்தையும் அரசால் காட்ட முடியவில்லை, ஆகவே எவர் மேலும் நடவடிக்கை கூடாது.

கொண்டாட்டத்தைச் சொல்லி மாளாது. கோர்ட்டுகளில் நாற்காலி போதாமல் கல்யாண மண்டபங்களிலிருந்து வாடகைக்கு எடுத்தார்கள். பன்னிரண்டு நிஜ மனிதர்கள் வெண்டலின் வழக்கைக் கேட்டார்கள். எட்டு நாள் மழையும், ஈரச் சோளமும், கிடங்குக்காரர்கள் கவனிக்காமல்விட்ட வெப்பமானிக் கணக்கும் வெளியே வந்தன. குற்றவாளி அல்ல. வெண்டல் ஒரு பூசணிப் பணியாரத்தைத் தாம்பாளம் அகலத்துக்குச் செய்து எடுத்துவந்து, கோமதிநாயகத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டார். கோமதிநாயகம் தொங்கியபடியே புகைப்படத்துக்குச் சிரித்தார். தமிழ்ச் சங்கத்தில் மாலை, கோயிலில் பரிவட்டம், டிவியில் பேட்டி. பதினேழு பேட்டியிலும் அவர் சொன்னது ஒன்றுதான்: "முப்பத்துநாலு வருட அனுபவம். அவசரப்பட்டு யாரையும் குற்றவாளி என்று சொல்லக்கூடாது என்று என் நிழலுக்கே தெரிந்திருக்கிறது."

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தர்மினி வந்தாள். அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு நிழலைப் பற்றியும் உரியவருக்கு ஒரு பக்க அறிக்கை தரவேண்டும் என்பது உத்தரவு. உறையைக் கொடுத்துவிட்டு, "அங்கிள், தனிய இருந்து வாசியுங்கோ" என்றாள். கார் வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள்.

கோமதிநாயகம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பிரித்தார். அவருடைய நிழலுக்குள் ஐந்து குரல்கள் இருந்ததாக இயந்திரம் பிரித்துப் போட்டிருந்தது.

முதல் குரல்: சவர பிளேடு வாங்குபவர், ரயில் கால அட்டவணை பார்ப்பவர், பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டுவதில்லை என்று பெட்டியிடம் குறை சொல்பவர். முடிவு: குற்றவாளி. எடுத்துக்கொண்ட நேரம்: 0.8 வினாடி. காரணம்: முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

பன்னிரண்டு நாற்காலியிலும் அதைவிட வேகமான முடிவு இல்லை. கிளிகூட இரண்டு வினாடி எடுத்துக்கொண்டது.

இரண்டாம் குரல்: முழங்கால் வலி பற்றிக் கேட்பவர், நான்கு வருடம் முன்பு 'ஈர வைக்கோல் தானா தீப்பிடிக்குமா' என்று ஒரே வாரத்தில் முப்பது முறை பெட்டியிடம் கேட்டவர். முடிவு: சொல்ல மறுக்கிறார். எடுத்துக்கொண்ட நேரம்: ஒன்பது நாள், தொடர்கிறது. மற்ற மூன்று குரல்களும் முதலில் குற்றவாளி என்றன. இரண்டாம் குரல் கேள்வி கேட்ட பிறகு தயங்கின. முதல் குரல் கடைசிவரை மாறவில்லை.

அவர் தாளை இரண்டு முறை படித்தார். மாலையும் பரிவட்டமும் பதினேழு பேட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் தலையிலிருந்து இறங்கிப் போயின. சமையலறை வாசலில் போய் நின்றார்.

"ஏளா, வெண்டலக் குத்தவாளின்னு சொன்னது நாந்தான் போலிருக்கு."

"அப்பமே தெரியுமே" என்றாள் ஆவுடை. "எதிர்த்த வீட்டுக்குப் புதுசாக் குடிவந்தவன ஒரு பார்வை பாத்துட்டு, இவன் சரியில்லைன்னீக. அவரு கண் டாக்டரு. உங்க கண்ணுக்கு ஆபரேசன் பண்ணதே அவர்தான்."

"பொறவு ஏன் சொல்லல?"

"உங்க பேருல இருக்கதுல எத எம்பேருன்னு சொல்ல?"

கோமதிநாயகம் போனை எடுத்தார். வெண்டலிடம் எல்லாவற்றையும் சொன்னார், 0.8 வினாடியையும், முகம் என்ற காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் போனே வெடிப்பது போல ஒரு சிரிப்பு.

"சார், காலையில் கண்ணாடி பார்க்கும்போது எனக்கே சில நாள் அப்படித்தான் தோன்றுகிறது. சரி, அந்த ஒன்பது நாள் யார்?"

"என் மனைவி."

"அப்புறம் உங்களோடு எதற்குப் பேசிக்கொண்டிருக்கிறேன்? அவரிடம் கொடுங்கள்."

ஆவுடை கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். அவளுக்கு அவர் ஆங்கிலம் பாதி புரியவில்லை. அவருக்கு அவள் தமிழ் ஒரு சொல்லும் புரியவில்லை. முக்கால் மணி நேரம் பேசினார்கள். மறுநாள் கோமதிநாயகம் டிவி நிலையத்துக்கு எழுதிப் போட்டார். பதினெட்டாவது பேட்டியில் உட்கார்ந்து, அறிக்கையை வரி விடாமல் படித்துக் காட்டினார். நாடே சிரித்தது. அவரும் சிரித்தார். எந்த மாலையும் அந்தச் சிரிப்பளவு அவர் கழுத்துக்குப் பொருந்தியதில்லை.

இரண்டு மாதம் கழித்து, மூன்று லட்சத்துப் பதினேழாயிரம் கடிதங்கள் மாநிலம் முழுக்கப் புறப்பட்டன. ஒன்று இந்த வீட்டுக்கும் வந்தது. கவுண்டி கோர்ட்டு முத்திரையைப் பார்த்ததும் கோமதிநாயகம் பழக்கதோஷத்தில் உறையின் ஓரத்தைப் பிடித்துவிட்டார். கிழிக்கும் முன் பெயரைப் பார்த்தார். திருமதி ஆவுடையம்மாள் கோமதிநாயகம். கை நின்றது. உறையை அப்படியே கொண்டுபோய் அவளிடம் நீட்டினார்.

"உனக்குத்தான் வந்திருக்கு."

அவள் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, ஓரத்தை மட்டும் நேராக வெட்டிப் பிரித்தாள். மொழிபெயர்ப்பாளர் உண்டு, மதிய உணவு உண்டு, திங்கட்கிழமை எட்டரைக்கு வரவேண்டும். உத்தரா அவளுக்கு நீலக் கரை போட்ட சேலையை எடுத்துக் கொடுத்தாள். தாணு அம்மா ஜூரராகக் கிளம்புவதைப் பார்க்க லீவு போட்டான். லீவு கிடைத்த குஷியில் ஒரு ஆட்டுப் பண்ணைக்கும் போய் வந்தான்.

திங்கட்கிழமை கோமதிநாயகம்தான் காரில் கொண்டுபோய் விட்டார். உள்ளே வர அனுமதியில்லை என்று காவலர் சொல்லிவிட்டார். கோர்ட்டு வளாகத்துக் கார் நிறுத்தத்தில், எட்டரையிலிருந்து நாலரை வரைக்கும், ஒரு பொட்டலம் முறுக்கோடும் ஆயிரம் கேள்விகளோடும் உட்கார்ந்திருந்தார். நாலு முப்பத்தைந்துக்கு ஆவுடை படியிறங்கி வந்தாள். கழுத்தில் அட்டை தொங்கியது. ஜூரர் எண் நான்கு. நடையே வேறாக இருந்தது.

கதவைத் திறந்து உட்கார்ந்ததும் அவர் திரும்பினார். "என்ன கேசு?"

"சொல்லக்கூடாது."

"என்னளா சொல்லக்கூடாது? எங்கிட்டயா?"

"வீட்டுக்காரர்கிட்டகூட மூச்சுவிடக் கூடாதுன்னு ஜட்ஜம்மா என் மூஞ்சியப் பாத்தே சொன்னாக. கேசு முடியுத வரைக்கும்."

"ஆளு ஆணா பொண்ணா? அத மட்டும் சொல்லு."

"ஏங்க, வண்டிய எடுங்க."

நாற்பத்துமூன்று வருடக் குடும்ப வாழ்க்கையில், அவர் கேட்டு அவள் சொல்ல மறுப்பது இதுதான் முதல் தடவை. கோமதிநாயகம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் நேரே ரோட்டைப் பார்த்து, எதையோ மெதுவாக யோசித்துக்கொண்டிருந்தாள். அவர் ரேடியோவைக்கூடப் போடவில்லை. வீடு வரைக்கும், ஜூரருக்குத் தொந்தரவு இல்லாமல், முப்பது மைல் வேகத்தில் ஓட்டினார்.